விளக்கு இருக்கு, அது கிடந்த இடம் எங்க?

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் நையாண்டி எழுதிய லூசியன், ஒரு மனுசனைப் பற்றிச் சொல்கிறார். எபிக்டீட்டஸ் என்ற தத்துவஞானி செத்த பிறகு, அவர் பாவித்த மண் விளக்கை அந்த மனுசன் 3,000 திராக்மா குடுத்து வாங்கினாராம். இரவில அந்த விளக்கு வெளிச்சத்தில் வாசித்தால் எபிக்டீட்டஸின் ஞானம் தனக்கும் வந்துவிடும் என்பது அவரின் நம்பிக்கை. லூசியன் அவரை வச்சுச் சிரிக்கிறார்.

இதில் இன்னொரு பகிடியும் இருக்கு. எபிக்டீட்டஸ் அடிமையாக வாழ்ந்து பிறகு விடுதலை பெற்றவர். அவரிடம் முதலில் இருந்தது இரும்பு விளக்கு. அதைக் கள்ளன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவர் கோபப்படவில்லை. நாளைக்கு ஒரு மண் விளக்குத் தேடிக்கொள்ளலாம், இருக்கிறதைத்தானே இழக்க முடியும் எண்டு தன் மாணவர்களுக்குச் சொன்னார். களவு போனாலும் கவலைப்படத் தேவையில்லாத பொருள் என்பதால்தான் அவர் மண் விளக்குக்கு மாறினார். அதையே இன்னொருவர் பொக்கிஷமாக வாங்கினார்.

இண்டைக்கு உலகத்தின் பெரிய நூதனசாலைகள் எல்லாத்திலும் இப்படியான சுடுமண் விளக்குகள் இருக்கு. பிரித்தானிய நூதனசாலையின் விளக்குகளுக்கு டொனால்ட் பெய்லி தயாரித்த பட்டியல் மட்டும் நான்கு தொகுதிகள். 1975இல் தொடங்கி 1996இல்தான் முடிந்தது. அந்தக் காலத்தில் ரோமப் பேரரசு முழுக்கக் குடிசையிலும் கடையிலும் கல்லறையிலும் கிடந்த மலிவுச் சாமான், இப்ப கண்ணாடிப் பெட்டிக்குள்ள இலக்கம் ஒட்டப்பட்டு இருக்கு. லூசியனின் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி நாங்களும் கேட்கலாம். விளக்கை வாங்கிக்கொண்டு வந்த நூதனசாலை அதோட வேற என்னத்தைக் கொண்டு வந்தது? என்னத்தை விட்டிட்டு வந்தது?

அச்சும் அச்சின் அச்சும்

முதலில் இந்த விளக்கு எப்படிச் செய்யப்பட்டது என்று பார்ப்பம். எங்கட சிட்டி விளக்கு திறந்த கிண்ணம் மாதிரி, விளிம்பில திரி வைக்க ஒரு சின்ன மூக்கு. மத்தியதரைக் கடல் பக்கத்து ஆகப் பழைய விளக்குகளும் அப்படித்தான் இருந்தன. பிறகு கிரேக்கக் குயவர்கள் சக்கரத்தில் வனையும்போது விளிம்பை உள்நோக்கி வளைக்கத் தொடங்கினார்கள். எண்ணெய் சிந்தாது, பூச்சி விழாது. கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் சக்கரத்துக்குப் பதிலாக அச்சு வந்தது. அதோட இந்தத் தொழிலே மாறிப்போனது.

அச்சு முறை இதுதான். முதலில் ஒரு மூல விளக்கைக் கையால் நுணுக்கமாகச் செய்வார்கள். அதன் மேல் பாதிக்கு ஒரு அச்சும் கீழ்ப் பாதிக்கு ஒரு அச்சும் களிமண்ணாலோ பிளாஸ்டராலோ எடுப்பார்கள். இரண்டு அச்சுக்குள்ளும் ஈரக் களிமண்ணை விரலால் அமத்தி, விளிம்போடு விளிம்பு பொருத்தி ஒட்டுவார்கள். காய்ந்த பிறகு எண்ணெய் ஊற்ற ஒரு துளை, திரிக்கு ஒரு துளை, சிலதில் காற்றுக்கு இன்னொரு சின்னத் துளை. பிறகு மெல்லிய களிமண் கரைசலில் தோய்த்துச் சூளையில் சுடுவார்கள். உடைந்த விளக்குகளின் உட்பக்கத்தில் அமத்தின விரலின் அடையாளம் தெரியும். பிளாஸ்டர் அச்சில் காற்றுக் குமிழி இருந்திருந்தால், அந்தக் குழிக்குள் களிமண் போய் விளக்கின் மேல் சின்னச் சின்ன மணிகளாக நிற்கும். அதைப் பார்த்தே எந்த வகை அச்சு என்று சொல்லலாம்.

அச்சு இருந்தால் எவராலும் செய்யலாம். அச்சு இல்லாதவர் என்ன செய்வார்? சந்தையில் ஒரு விளக்கை வாங்கி, அதிலிருந்தே புதிசா ஒரு அச்சு எடுப்பார். களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் சுருங்கலாம். ஆகவே விளக்கிலிருந்து எடுத்த அச்சில் வரும் விளக்கு மூலத்தை விடச் சின்னது. அதிலிருந்து இன்னொருவர் அச்சு எடுத்தால் அது இன்னும் சின்னது, படமும் மங்கல். சீனியர் தந்த நோட்ஸைப் போட்டோக்கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியைக் கொப்பி எடுத்து, நாலாவது கையில வரேக்க எழுத்து தெரியாமல் போகுமே, அதே கதைதான். ஒரே படமுள்ள விளக்குகளை அளந்து வரிசையாக வைத்தால் எது தாய், எது பேரன் என்று தெரியும்.

இதில் ஆகப் பிரபலமான பெயர் ஃபோர்ட்டிஸ். கி.பி. 1ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, அலங்காரம் குறைந்த, அடியில் பட்டறைப் பெயரைப் பெரிய எழுத்தில் பொறித்த ஒரு வகை விளக்கு வட இத்தாலியில் செய்யப்பட்டது. அதில் ஃபோர்ட்டிஸ் என்ற பெயர் பொறித்தவை பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, டானூப் நதிக்கரை என்று ரோமப் பேரரசின் எல்லை வரைக்கும் கிடைக்கின்றன. 2008இல் இத்தாலியின் மொடெனா நகரில் நடந்த அகழ்வில் ஒரு பழைய குப்பைக் குழி வெளிப்பட்டது. அதில் ஃபோர்ட்டிஸ், ஸ்ட்ரோபிலஸ் முதலிய பட்டறைகளின் பெயர் பொறித்த விளக்குகள் கிடைத்தன. சூளையில் பிழைத்துப்போனவை என்று எறிந்த கழிவுகளும் அங்கே இருந்தன. ஃபோர்ட்டிஸ் அந்த ஊர்க்காரர் என்ற பழைய கருத்துக்கு மண்ணே சாட்சி சொன்னது.

ஆனா ஜேர்மனியில் கிடைத்த ஃபோர்ட்டிஸ் விளக்கு மொடெனாவில் செய்ததா? சிலது அங்கேயிருந்து போனது. கனக்க அப்படி இல்லை. விளக்கிலிருந்து அச்சு எடுக்கும்போது அடியிலுள்ள பெயரும் சேர்ந்து அச்சாகும். உள்ளூர்க் குயவர் களிமண்ணை அமத்தினால் ஃபோர்ட்டிஸின் பெயரோடயே விளக்கு வெளியில வரும். ஃபோர்ட்டிஸ் பல இடங்களில் கிளைப் பட்டறை வைத்திருந்தார் என்று ஒரு தரப்பும், பெரும்பாலும் களவுக் கொப்பிதான் என்று இன்னொரு தரப்பும் ஆராய்ச்சியாளர்களுக்குள் வாதாடியிருக்கின்றன. முடிவு சொல்ல வேண்டியது களிமண். மண்ணின் இரசாயனச் சேர்க்கையைச் சோதித்தால் எந்தப் பிரதேச மண் என்று தெரியவரும். பிறகு அந்த விளக்கு எங்கே கண்டெடுக்கப்பட்டது என்பதோடு ஒப்பிட வேண்டும். கண்டெடுத்த இடம் தெரியாவிட்டால் ஒப்பீட்டின் ஒரு பக்கம் வெறுமைதான். செய்த இடம் தெரியும், போய்ச் சேர்ந்த இடம் தெரியாது.

படத்தை மட்டும் பார்த்த காலம்

ஃபோர்ட்டிஸ் மாதிரியான விளக்குகளை விட, மேல் வட்டத்தில் படம் உள்ளவையைத்தான் ஆக்கள் விரும்பிச் சேர்த்தார்கள். கிளாடியேற்றர் சண்டை, தேரோட்டம், தெய்வங்கள், சேவல், நாய், காதல் காட்சி, கட்டில் காட்சி என்று எல்லாம் இருக்கு. புதுவருசத்துக்குக் குடுக்கிற விளக்கும் இருந்தது. அதில் வெற்றித் தேவதை ஒரு கேடயம் பிடித்திருப்பாள். புத்தாண்டு எனக்கு நல்லதாகவும் இனியதாகவும் அமையட்டும் என்ற வாழ்த்து அந்தக் கேடயத்தில் இருக்கும். பக்கத்தில் காசு, பேரீச்சை, அத்தி. பிந்திய நூற்றாண்டுகளில் யூதர்களின் ஏழு கிளை விளக்குத்தண்டும் கிறிஸ்துவின் பெயர்க் குறியும் இதே வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தன. பளிங்குச் சிலை வாங்க வசதியில்லாத வீட்டிலும் இந்தப் படங்கள் இருந்தன. அந்த அளவில் இது சாதாரண சனத்தின் ஓவியக்கூடம்.

ஐரோப்பிய அறிஞர்கள் இவற்றை 17ஆம் நூற்றாண்டிலேயே படிக்கத் தொடங்கிவிட்டார்கள். 1621இல் ஃபோர்ட்டூனியோ லிச்செட்டி விளக்குகளைப் பற்றி ஒரு பெரிய லத்தீன் நூலை வெளியிட்டார். பழைய கல்லறைகளுக்குள் நூற்றாண்டுக் கணக்காக அணையாமல் எரிந்த விளக்குகள் இருந்தன என்று அவர் நம்பினார். 1691இல் பார்த்தோலியும் பெல்லோரியும் ரோமில் வெளியிட்ட படநூலின் தலைப்பிலேயே இவை கல்லறை விளக்குகள் என்று இருந்தது. அவர்களுக்கு முழுசாகக் கிடைத்த விளக்குகளில் கனக்க கல்லறையிலிருந்து வந்தவை. அதனால் விளக்கு என்றாலே பிரேதத்துக்கு வைக்கிறது என்ற எண்ணம் வந்தது.

உண்மையில் வீட்டில் பாவித்த விளக்கு கைதவறி விழுந்து உடையும், குப்பைக்குப் போகும். கல்லறையில் வைத்தது உடையாமல் கிடக்கும். ஆகவே நூதனசாலைப் பெட்டியில் நாங்கள் பார்க்கிற வடிவான, முழு விளக்குகளில் பெரும் பங்கு செத்தவர்களோட போனவை. உயிரோடு இருந்தவர்களின் விளக்குகள் அகழ்வுக் களங்களின் களஞ்சியத்தில், பெட்டி பெட்டியாகத் துண்டுகளாய்க் கிடக்கின்றன. படம் எடுக்க வடிவில்லாதபடியால் அவை காட்சிக்கு வாறது குறைவு. முழுசா இருக்கிறதைத்தான் காட்டுவம் என்ற ஒரு தெரிவே ஒரு சமூகத்தைப் பற்றிய எங்கட எண்ணத்தைக் கோணலாக்கிவிடும்.

கொன்சலின் சைப்பிரஸ்

இந்தக் கோணல் ஆக மோசமாகத் தெரியிற இடம் சைப்பிரஸ். அங்கே நடந்ததைச் சொல்ல லூயிஜி பல்மா டி செஸ்னோலாவைச் சொல்ல வேண்டும். இத்தாலியில் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்காகக் குதிரைப்படையில் சண்டை பிடித்தவர். 1865இல் அமெரிக்கக் கொன்சலாகச் சைப்பிரஸுக்கு அனுப்பப்பட்டார். தீவு அப்போது ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. கொன்சல் வேலையில் பெரிசா ஒண்டும் இல்லை. அவர் தோண்டத் தொடங்கினார்.

சில வருடங்களுக்குள் ஆயிரக்கணக்கான கல்லறைகள் திறக்கப்பட்டன. அவர் சேர்த்த பொருட்களின் தொகை சுமார் 35,000 என்று சொல்லப்படுகிறது. கனக்க இடங்களில் கூலியாட்கள்தான் தோண்டினார்கள், அவர் பக்கத்தில் நிற்கவில்லை. எந்தக் கல்லறையில் எந்தப் பொருள் எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற பதிவு இல்லை. சாமான்களை ஏற்றுமதி செய்ய அமெரிக்கக் கொன்சலுக்கு அனுமதியில்லை என்று ஒட்டோமான் அரசாங்கம் தடுத்த கதையை அவரே தன் நூலில் எழுதியிருக்கிறார். அவர் அப்போது ரஷ்யாவின் கொன்சலாகவும் இருந்தார். தடை அமெரிக்கக் கொன்சலுக்குத்தானே, ரஷ்யக் கொன்சலுக்கு இல்லையே என்று அவரின் மொழிபெயர்ப்பாளர் எடுத்துக் குடுக்க, பெட்டிகள் ரஷ்யக் கொன்சலின் பெயரில் கப்பலேறின. இதை அவர் கெட்டித்தனமாகச் சொல்கிறார். இலங்கையில இருந்து வாசிக்கிற எங்களுக்கு இந்தக் கெட்டித்தனத்தின் மறுபக்கத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1870இல் தொடங்கப்பட்ட நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலை 1872இல் அவரின் சேகரிப்பை வாங்கியது. பிறகு இன்னொரு தொகுதியும் வாங்கியது. 1879இல் அவரையே தன் முதல் பணிப்பாளராக்கியது. 1904இல் சாகும்வரை அவர் அந்தக் கதிரையில் இருந்தார். 1877இல் வெளிவந்த அவரின் நூலில், கூரியன் என்ற இடத்தில் நிலத்துக்குக் கீழே பொன்னும் வெள்ளியும் நிறைந்த அறைகளைக் கண்டதாக எழுதியிருந்தார். பின்னர் அங்கே தோண்டப் போனவர்களுக்கு அப்படி அறைகள் கிடைக்கவில்லை. பல இடங்களில் எடுத்ததை ஒரே பொக்கிஷமாகக் காட்ட உண்டாக்கின கதை அது என்பதுதான் இப்போதைய பொதுக் கருத்து.

அவர் கொண்டுபோன விளக்குகளில் நானூறுக்கும் மேற்பட்டவை இண்டைக்கும் மெட்ரோபொலிட்டனில் இருக்கு. சேகரிப்பின் மற்றப் பகுதிகள் அமெரிக்கா எங்கும் சிதறின. ஒரே மாதிரியானது கனக்க இருக்கு என்று நூதனசாலையே விற்றது. 1928இல் நியூயோர்க்கில் பெரிய ஏலமும் நடந்தது. ஒரு கல்லறையில் ஒரு குடும்பம் வைத்த விளக்கும் கண்ணாடிக் குப்பியும் மண் குடமும் இப்ப மூன்று ஊரில் இருக்கக்கூடும். அவை ஒருகாலம் ஒரே கல்லறையில் ஒன்றாய் இருந்தன என்று சொல்ல எந்தக் கடுதாசியும் இல்லை.

கடனில் வாழும் விளக்குகள்

அப்ப அந்த விளக்குகளின் காலத்தை எப்படிச் சொல்கிறார்கள்? மெட்ரோபொலிட்டனின் விளக்கொன்றின் குறிப்பில் கி.பி. 1ஆம் நூற்றாண்டு என்று போட்டிருந்தால் அந்தத் தகவல் எங்கேயிருந்து வந்தது?

பெரும்பாலும் வேறு இடங்களிலிருந்து. சுவிற்சர்லாந்தில் விந்தோனிஸா என்ற ரோம இராணுவ முகாம் இருந்தது. கி.பி. 1ஆம் நூற்றாண்டு முடிந்த கையோடு படை அங்கிருந்து போய்விட்டது. ஆகவே முகாம் குப்பையில் கிடந்த விளக்குகளின் கால எல்லை தெரியும். அவற்றை வைத்து ஸீக்ஃப்ரீட் லோஷ்கே 1919இல் வெளியிட்ட வகைப்பாட்டை இண்டைக்கும் பாவிக்கிறார்கள். கிரேக்கத்தின் கொரிந்தில் அகழ்ந்த விளக்குகளை ஒஸ்கார் புரோனியர் 1930இல் வகைப்படுத்தினார். சைப்பிரஸிலேயே 1927 முதல் 1931 வரை சுவீடன் குழுவொன்று கல்லறை கல்லறையாக வரைபடம் போட்டு அகழ்ந்தது. செஸ்னோலா கொண்டுபோனதைப் போன்ற விளக்கு இப்படியான இடங்களில் எந்த மண்படையில், எந்த நாணயத்தோடு கிடைத்தது என்று பார்த்துத்தான் அதற்கு ஒரு காலம் குடுக்கிறார்கள். பதிவில்லாமல் எடுத்த விளக்கு பதிவோடு எடுத்த விளக்கிடம் கடன் வாங்கிச் சீவிக்கிறது. அந்தக் கடனைத் திருப்பிக் குடுக்க அதனால் ஏலாது, ஏனெண்டால் அதனிடம் புதிசாய்ச் சொல்ல இருந்தது தோண்டின அண்டைக்கே போய்விட்டது.

இடம் தெரிந்தால் என்ன சொல்ல முடியும் என்பதற்குக் கொரிந்தே நல்ல உதாரணம். 1960களின் பிற்பகுதியில் அங்கே உடற்பயிற்சிக்கூடம் இருந்த பகுதியை அமெரிக்கக் குழுவொன்று தோண்டியது. நிலத்துக்குக் கீழே ஒரு பழைய நீரூற்று. அதுக்குள்ள சுமார் 4,000 விளக்குகள். பெரும்பாலானவை கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 6ஆம் நூற்றாண்டையும் சேர்ந்தவை. அதாவது ஊர் கிறிஸ்தவமாகிக் கனகாலம். சில விளக்குகளில் கையால் கீறி எழுதின மன்றாட்டுகள் இருக்கு. அந்தத் தண்ணீரின்மேல் வாழும் தேவதூதரை விளித்து எழுதிய வரியும் அதில் ஒன்று. தேவாலயத்தில் கும்பிட்ட சனம் இருட்டான இந்த ஊற்றுக்கும் விளக்குக் கொண்டு வந்திருக்கு. இந்த 4,000த்தில் ஒன்றைக் களவாய் எடுத்துச் சந்தையில் விற்றிருந்தால், வாங்கினவர் கையில் இருப்பது பிந்திய ரோமக் கால விளக்கு ஒன்று, அவ்வளவுதான். தண்ணீரும் தேவதூதரும் பயமும் நேர்த்தியும் எல்லாம் ஊற்றோடயே நின்றிருக்கும்.

இடம் மட்டும் இல்லை, கரியும் சாட்சிதான். எகிப்தின் தென்கோடியில் கஸ்ர் இப்ரிம் என்ற வறண்ட இடத்தில் கிடைத்த விளக்குகளின் மண்ணில் ஊறியிருந்த எச்சத்தை 2000களில் இரசாயன முறையில் சோதித்தார்கள். முள்ளங்கி வகை விதை எண்ணெய், ஆமணக்கெண்ணெய், மிருகக் கொழுப்பு மூன்றும் அகப்பட்டன. எகிப்தியர் ஆமணக்கெண்ணெயில் விளக்கெரிப்பதையும் அதன் கடும் மணத்தையும் ஹெரடோட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருந்தார். ரோம உலகம் என்றால் ஒலிவ் எண்ணெய் என்று பொதுவாக நினைக்கிறம். ஒலிவ் எண்ணெய் சாப்பாட்டுச் சாமானும்கூட. இரவில ஒரு மணித்தியாலம் கூட வெளிச்சம் வேணுமெண்டால் அது குசினியிலிருந்து எடுக்கிற எண்ணெய். ஆர் எந்த எண்ணெயை எரித்தார்கள் என்பது ஆரிடம் என்ன மிஞ்சியிருந்தது என்பதையும் சொல்லும். அந்தப் பதில் விளக்கு மூக்கின் கரியிலும் உள்ளே ஊறின கறையிலும் இருக்கு. பழைய வியாபாரிகளும் சேகரிப்பாளர்களும் முதல் செய்த வேலை விளக்கைத் தேய்த்துக் கழுவினது. படம் வடிவாய்த் தெரிய வேணுமே.

குறிப்பை வாசிப்பது

நூதனசாலைகளை மூடு எண்டோ விளக்குகளைப் பார்க்காதே எண்டோ நான் சொல்ல வரவில்லை. மெட்ரோபொலிட்டனும் பிரித்தானிய நூதனசாலையும் தங்கட விளக்குகளின் படங்களையும் விபரங்களையும் இணையத்தில் இலவசமாய்ப் போட்டிருக்கின்றன. போனிலேயே பார்க்கலாம். பார்க்கும்போது படத்துக்குக் கீழே இருக்கிற சின்ன எழுத்தையும் வாசியுங்கோ. இன்ன கல்லறை, இன்ன ஆண்டு அகழ்வு என்று இருக்கா? சைப்பிரஸிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது என்று இருக்கா? சொன்னது ஆர்? வித்தவரா, தோண்டினவரா? வாங்கிய ஆண்டு மட்டும் இருந்து கண்டெடுத்த இடம் இல்லையா? மூக்கில் கரி தெரியுதா, இல்லை புதுசு மாதிரிச் சுத்தமா இருக்கா? இந்த நாலு கேள்வியோட ஒரு விளக்கைப் பார்த்தால், அதில் வரைந்திருக்கிற கிளாடியேற்றரை விடப் பெரிய கதை அந்தக் குறிப்பில் கிடைக்கும்.

சுடுமண் விளக்கு பொன் இல்லை, பளிங்கு இல்லை. அதைச் செய்தவர்களில் அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் இருந்தார்கள், வாங்கினது சாதாரண சனம். மன்னர்களின் வரலாற்றுக்குக் கல்வெட்டும் நாணயமும் இருக்கு, இடம் தொலைந்தாலும் பெயர் மிஞ்சும். பெயரில்லாத சனத்தின் வரலாற்றுக்கு, இன்ன வீட்டில், இன்ன மூலையில், இந்தக் கரியோடு இந்த விளக்கு கிடந்தது என்ற ஒரு வரிதான் ஆதாரம். செஸ்னோலாவின் ஆட்கள் தோண்டின கல்லறைகளில் படுத்திருந்தவர்களுக்கு அந்த ஒரு வரியும் இல்லாமல் போனது. எபிக்டீட்டஸின் விளக்கை 3,000 திராக்மாவுக்கு வாங்கினவருக்குக் குறைந்தது அது ஆருடைய விளக்கு என்றாவது தெரிந்திருந்தது.